ஆல்ஃபிரிஸ்டன் குருமனை: கட்டுமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வீடு எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆறு கடலை நோக்கி வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்கில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற கிராமம் இருக்கிறது. ஊர்ப் பொதுப் புல்வெளியின் ஓரத்தில் புனித அந்திரேயா ஆலயம். அதன் பக்கத்தில், ஆற்றுத் தாழ்வில், வேய்ந்த கூரையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் மர வீடுதான் இது. வயது 600 ஆண்டுகளுக்கு மேல். பழங்கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் விலை கொடுத்து வாங்கிய முதல் கட்டடம் என்பதால் பெயர் பெற்றது. ஆனால் அந்தப் பெருமை இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டிய வீடு. மரம், மண், வைக்கோல், சுண்ணாம்பு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மழைநாட்டில் வீடு கட்டுவது எப்படி என்று இதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

குருமனை என்றால் குருவானவருக்காகவே கட்டியதா?

பெயரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பல நூற்றாண்டுகள் திருச்சபையின் சொத்தாக இருந்ததால் வந்த பெயர் இது. வீட்டின் அமைப்போ அந்த வட்டாரத்தில் வசதியான விவசாயிகள் கட்டிக்கொண்ட வீட்டின் அமைப்பு. குருவானவருக்கென்று தனி வீட்டு வகை எதுவும் அன்று கிடையாது; ஊரில் கையில் காசுள்ளவர் எப்படிக் கட்டினாரோ அப்படியே அவருக்கும் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டுக்குள் இது கூலித் தொழிலாளர் குடியிருப்பாக இறங்கி, கடைசியில் இடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

“வீல்டன் வீடு” என்கிறார்களே, அது என்ன?

கென்ட், சசெக்ஸ் பகுதிகளின் ஓக் காட்டு நிலத்துக்கு வீல்ட் என்று பெயர். அங்கே மிகுதியாகக் காணப்படுவதால் இந்த வகைக்கு வீல்டன் வீடு என்ற பெயர் வந்தது. ஏறக்குறைய 1350 முதல் 1550 வரை கட்டப்பட்டவை. 1348–49இல் வந்த பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள்பலம் குறைந்து, பிழைத்தவர்களுக்குக் கூலியும் நிலமும் கூடின. அந்தக் காசு கண்ணுக்குத் தெரிவது இந்த வீடுகளில்தான்.

தெருவில் நின்றே அடையாளம் காணலாம். வீடு மூன்று பகுதி. நடுவில் தரையிலிருந்து கூரைவரை ஒரே வெளியாக உயரும் கூடம். இரு பக்கமும் மாடி வைத்த அறைகள். அந்த மாடிகள் முன்பக்கம் கீழ்ச்சுவரைத் தாண்டி ஒன்றரை, இரண்டு அடி துருத்தி நிற்கும். கூடத்துக்கு மாடி இல்லை, அதனால் துருத்தலும் இல்லை. நடுப்பகுதி உள்வாங்கினதுபோல் தெரியும். ஆனால் கூரை உள்வாங்காது. மூன்று பகுதிக்கும் ஒரே கூரை, ஒரே நேர்கோட்டில் இறவாணம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. நடுப்பகுதியில் சுவர் பின்னால் இருக்கிறது, இறவாணமோ முன்னால் இருக்கிறது. அப்படியானால் அங்கே கைமரங்களின் அடி எதன்மேல் உட்காரும்? ஒரு மாடியின் மூலையிலிருந்து மறு மாடியின் மூலைவரை காற்றில் ஒரு உத்தரத்தை நீட்டி, அதை இரு முனையிலும் வில்போல் வளைந்த முட்டுகளால் தாங்கினார்கள். அந்த வளைமுட்டுகளைப் பார்த்துவிட்டால் வேறு சான்று வேண்டாம், அது வீல்டன் வீடு. வளைந்த முட்டை நேர் மரத்தில் அறுத்தெடுப்பதில்லை. வளைந்தே வளர்ந்த மரத்தைத் தேடி, அதை நெடுக இரண்டாகப் பிளப்பார்கள். அதனால்தான் இடமும் வலமும் கண்ணாடி பார்த்ததுபோல் இருக்கும்.

கூடத்துக்கு ஏன் மாடி போடவில்லை?

புகைக்காக. முதலில் கட்டியபோது இந்த வகை வீட்டில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில் தரையிலேயே அடுப்பு. புகை மேலே ஏறி, கூரையில் தங்கி, முகட்டோரத் திறப்புகள் வழியாகவும் வேய்ந்த கூரையின் ஊடாகவும் மெல்ல வெளியேறும். மாடி போட்டால் குடியிருப்பவர் மூச்சுமுட்டிச் சாவார்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கி பரவியதும் பெரும்பாலான வீல்டன் வீடுகளில் கூடத்தின் குறுக்கே தளம் போட்டு மேலே இன்னொரு அறை எடுத்துவிட்டார்கள். அதனால் முழு உயரமும் திறந்த கூடத்தை இன்று பார்ப்பது அபூர்வம். ஆல்ஃபிரிஸ்டனில் பார்க்கலாம். பழைய வீடு ஒன்றில் பரணுக்கு ஏறிப் பார்க்கையில் கைமரமெல்லாம் கரி பூசினதுபோல் இருந்தால், அது ஒரு காலத்தில் திறந்த கூடமாக இருந்தது என்று அர்த்தம். பழுதுபார்க்க வருபவர் அந்தக் கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டால் வீட்டின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்ததற்குச் சமம்.

கூடத்தில் யார் எங்கே உட்காருவார்கள்?

ஒரு பக்கம் “மேல்முனை”: வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசை, அதன் பின்னால் அவருடைய தனியறை. எதிர்ப்பக்கம் “கீழ்முனை”: எதிரெதிராக இரண்டு வாசல்கள், அவற்றுக்கிடையே குறுக்கு நடை, அதைத் தாண்டிப் பானமும் ரொட்டியும் வைக்கும் இரண்டு சிறு அறைகள். சமையல் வாடை, ஈரக்கால், காற்று எல்லாம் கீழ்முனைக்கு. மரவேலையின் நயமும் அதே வரிசைதான். செதுக்கு வேலை மேல்முனையில் இருக்கும். கீழ்முனையில் வெறும் சட்டம்.

இவ்வளவு பெரிய கூரை நடுவில் தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது?

தென்கிழக்கு இங்கிலாந்தில் வழக்கமான கூரைச் சட்டகம் இப்படி அமையும். கூடத்தின் குறுக்கே, சுவருக்குச் சுவர், நடுவில் சற்று மேல்நோக்கி வளைந்த பெரிய விட்டம். அதன் நடுவில் குட்டையான ஒரு நடுக்கால். அந்தக் கால் முகட்டைத் தொடாது. பாதியில் நின்று, வீட்டின் நீளவாக்கில் ஓடும் ஒரு நடுச்சட்டத்தைத் தாங்கும். அந்தச் சட்டத்தின்மேல் ஒவ்வொரு ஜோடிக் கைமரத்தையும் இணைக்கும் குறுக்குக் கட்டைகள் படுத்திருக்கும். நடுக்காலின் தலையிலிருந்து நாலு பக்கமும் வளைமுட்டுகள் கிளை விரிக்கும்.

வியப்பான விஷயம், முகட்டில் மோட்டுவளை மரமே கிடையாது. கைமரங்கள் ஜோடி ஜோடியாக உச்சியில் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நிற்கும். மோட்டுவளை இல்லாத கூரையில் கைமரங்கள் சீட்டுக்கட்டு சரிவதுபோல் ஒரே பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் நடுச்சட்டத்தின் வேலை. “இது எதையும் தாங்கவில்லையே” என்று பிற்காலத்தில் யாராவது அதை வெட்டி எடுத்த வீடுகளில் கூரை முழுவதும் ஒரு முனைக்குச் சாய்ந்திருப்பதைக் காணலாம்.

இரும்பு ஆணியே இல்லையா?

சட்டகத்தில் இல்லை. ஒரு மரத்தில் துளையும், மற்ற மரத்தின் முனையில் அதில் நுழையும் நாக்கான கழுந்தும் போட்டு, மர ஆணியால் இறுக்கியது. இறுக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. துளை மரத்தில் ஆணிக்கான ஓட்டையை முதலில் போடுவார்கள். கழுந்தை உள்ளே விட்டு, ஓட்டை வழியே அடையாளம் குத்தி, வெளியே எடுத்து, அடையாளத்துக்கு நேராக இல்லாமல் 2–3 மி.மீ. தோள்பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் பக்கம், தள்ளித் துளைப்பார்கள். மறுபடி சேர்த்து, நுனி கூராக்கிய காய்ந்த ஓக் ஆணியை அடித்தால், இரண்டு ஓட்டையும் நேர்ப்பட முயன்று மூட்டு தானாக இறுகும். சட்டங்களோ வெட்டிச் சில மாதமே ஆன பச்சை ஓக். அது காயக் காயச் சுருங்கி ஆணியை இன்னும் பிடித்துக்கொள்ளும். ஆணி அறுத்ததாக இருக்கக் கூடாது, நார்வாக்கில் பிளந்ததாக இருக்க வேண்டும். அறுத்த ஆணி நார் ஓடும் இடத்தில் ஒடியும்.

பச்சை மரத்தில் கட்டியது பணமில்லாமல் அல்ல. காய்ந்த ஓக் இரும்புமாதிரி. கையுளியால் துளை போடுவது நடக்காத காரியம். தடித்த மரம் காய அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. 10 அங்குல மரத்துக்குப் பத்து வருடம் யார் காத்திருப்பார்கள்? அதனால் இந்த வீடுகளில் சட்டம் முறுக்கியும், நெடுக வெடித்தும் இருப்பது பழுது அல்ல. முதல் சில வருடங்களில் காய்ந்தபோது வந்தது. அந்த வெடிப்பில் புட்டியோ சிமெண்டோ அடைப்பவர்தான் பழுதை உண்டாக்குகிறார்.

சட்டங்களில் கீறியிருக்கும் கோடுகள் என்ன எழுத்து?

தச்சர் குறிகள். ஒரு பக்கச் சட்டகம் முழுவதையும் தச்சுப்பட்டறைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்தி, ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு மரத்திலும் ஒரே எண்ணைக் கீறி, பிரித்து வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி சேர்ப்பார்கள். எண்கள் ரோமன் வடிவம், ஏனென்றால் நேர்கோடு மட்டும் போதும். நான்கை ஐந்தில் ஒன்று குறைவாக (IV) எழுதாமல் நான்கு கோடாகவே (IIII) போடுவார்கள். மரம் தலைகீழாகக் கிடந்தால் நான்கும் ஆறும் மாறிப்போகும் அல்லவா?

சுவர் எதனால் ஆனது?

சட்டங்களுக்கு நடுவே படல் கட்டி மண் அப்பியது. படல் வைக்கும் முறை: மேல்ச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் குழிகள், கீழ்ச் சட்டத்தின் மேல்பக்கத்தில் நெடுக ஒரு பள்ளம். ஓக் குச்சியின் தலையைக் குழியில் செருகி, காலைப் பள்ளத்தில் தள்ளி நகர்த்தினால் நின்றுகொள்ளும். ஆணி வேண்டாம். அப்படி நின்ற குச்சிகளின் ஊடே ஹேசல் என்ற புதர்மரத்தின் விளார்களையோ பிளந்த ஓக் பட்டைகளையோ கூடை முடைவதுபோல் பின்னுவார்கள்.

அப்பும் மண்ணில் களிமண், நறுக்கிய வைக்கோல், மாட்டுச்சாணி; சுண்ணப்பாறைப் பகுதிகளில் அதன் தூளும் சேரும். இரண்டு பேர் சுவரின் இரு பக்கமும் எதிரெதிராக நின்று ஒரே நேரத்தில் அறைந்து அப்ப வேண்டும். அப்போதுதான் பின்னலின் இடைவெளியில் இரு பக்க மண்ணும் ஒன்றோடொன்று கவ்வும். ஒருவர் மட்டும் ஒரு பக்கமாக அப்பினால் காய்ந்ததும் தட்டையாகக் கழன்று விழும். களி அதிகமானால் வெடிக்கும். வைக்கோல் குறைந்தால் இன்னும் வெடிக்கும். காய்ந்தபின் மண்ணுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு விரல் நுனி போகும் அளவுக்கு இடைவெளி விழுவது இயல்பு. அதை அதே மண்ணால் அடைத்து, மேலே முடி கலந்த சுண்ணாம்புக் காரை பூசி, சுண்ணாம்பு வெள்ளை அடிப்பார்கள்.

கூடத்தின் தரைக்கு மோர் ஊற்றினார்கள் என்பது உண்மையா?

மோர் அல்ல, புளித்த பால், மற்றபடி உண்மை. அந்தப் பகுதியின் மண்ணுக்கு அடியிலேயே வெள்ளைச் சுண்ணப்பாறை. அதை உடைத்துப் பரப்பி, லேசாக நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டியாக்கி, மேலே புளித்த பாலைப் பூசுவது சசெக்ஸ் வழக்கம். பாலிலுள்ள கேசீன் புரதம் சுண்ணச் சத்தோடு சேர்ந்து மெல்லிய பசைத்தோலாக இறுகி, வெள்ளைத் தூள் எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே தடவை கனமாகப் பூசினால் உரிந்துவிடும். மெல்லியதாகப் பலமுறை, ஒன்று காய்ந்தபின் ஒன்று.

நம் சாணி மெழுகிய தரையைப் போல இதற்கும் தண்ணீர் ஆகாது. ஈரத்துணி போட்டுத் துடைத்தால் தோல் கரையும். குதிகால் செருப்பு குழி போடும். ரப்பர் அடித்த விரிப்பு போட்டால் கீழிருந்து வரும் ஈரம் சிக்கி, தரை சோறுபோல் குழைந்துவிடும்.

கூரை வேய்ந்தால் எத்தனை வருடம் தாங்கும்?

பொருளைப் பொறுத்தது. நீர்நாணல் என்றால் 40 வருடத்துக்கு மேலும் போகலாம். நீள வைக்கோல் பெரும்பாலும் 15 முதல் 25. முகட்டுப் பகுதியை மட்டும் 10–15 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஏனென்றால் வெயிலும் காற்றும் முதலில் அடிப்பது அங்கேதான். சரிவு குறைந்தது 45 பாகை, 50 இருந்தால் நல்லது. கூரை சப்பட்டையாக இருந்தால் தண்ணீர் வழியாமல் ஊறும். கனம் ஒரு அடி இருந்தாலும் மழையில் நனைவது மேலே ஓரிரு அங்குலம்தான். பிடித்துவைப்பவை ஹேசல் குச்சியை நடுவில் முறுக்கி மடித்த கவ்வுமுள்கள். அவை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தண்ணீரை உள்ளே கூட்டிப்போகும்; மேல்நோக்கிச் சற்றுச் சாய்வாகக் குத்துவதே சரி.

இறவாணத்தில் மழைநீர் வடியும் பீலி வைப்பதில்லை. கூரையை ஒன்றரை அடி வெளியே நீட்டி, மண்சுவரில் படாமல் தண்ணீரைத் தூரத்தில் சொட்டவிடுகிறார்கள்.

நெருப்பு? வேய்ந்த கூரையின்மேல் புகைபோக்கி முகட்டைவிடக் குறைந்தது 1.8 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது இன்றைய அறிவுரை. ஈரவிறகு எரிப்பதும், கரி வாராமல் விடுவதும்தான் பெரும்பாலும் வம்பில் கொண்டுபோய் விடுகின்றன.

சன்னலில் கண்ணாடி உண்டா?

கட்டியபோது இல்லை. சதுரக் கட்டையை மூலை முன்பக்கம் வருமாறு திருப்பி நட்ட கம்பிகள், உள்ளே மரக்கதவு. கண்ணாடி பின்னால் வந்தது.

கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்றுதானே இந்த வீடுகள் இருக்கும்?

அது 19ஆம் நூற்றாண்டு ரசனை, தாரும் பெயிண்ட்டும் கொண்டு பூசியது. தென்கிழக்கில் ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். வெயில்பட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாகும். இல்லாவிட்டால் சட்டம், சுவர் இரண்டுக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். தார் பூசிய மரம் மூச்சுவிடாது. வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே உளுக்கும்.

இப்படிப்பட்ட வீடு முதலில் எங்கே கெடும்?

காலில். சட்டகம் முழுவதும் உட்கார்ந்திருக்கும் அடிச்சட்டம், தரையோடு ஓடும் மரம். சசெக்ஸில் அதன்கீழ் சக்கிமுக்கிக் கல்லால் ஒன்றிரண்டு அடிச் சிறு சுவர் எழுப்புவார்கள். நூற்றாண்டுகளில் தோட்டத்து மண், பாதை, குப்பை சேர்ந்து வெளித்தரை உயர உயர, கல்சுவர் புதைந்து மரம் ஈரமண்ணில் படும். பிறகு அடிச்சட்டம் உளுத்து அமுங்கும், அதன்மேல் நிற்கும் நிலைக்கால்கள் இறங்கும், மேலே மூட்டுகள் பிரியும். கூரை கோணினால் பழுது கூரையில் என்று நினைத்து அங்கே செலவழிப்பவர்கள் ஏராளம். முதல் வேலை மண்வெட்டி எடுத்து வெளியே தரையைத் தாழ்த்துவது. செலவு குறைந்த மருந்து அதுதான், அதையே கடைசியில் செய்கிறார்கள்.

அடுத்த எதிரி சிமெண்ட். மண்சுவரும் ஓக்கும் ஈரத்தை வாங்கி வெளியே விடுபவை. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் சுவரை விட்டுப் போக முடியாமல் மரத்தின் ஓரத்தில் தேங்கும். வெளியே பார்க்க வழவழவென்று இருக்கும், உள்ளே படல் பொடியாகியிருக்கும். ஏற்கெனவே பூசியிருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொத்தி எடுக்கக் கூடாது. சில இடங்களில் சுவரை நிறுத்திவைத்திருப்பதே அந்தப் பூச்சுதான். ஒரு கட்டமாகப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, முட்டுக்கொடுத்து, அப்புறம் அடுத்தது.

உளுத்த நிலைக்காலை முழுதாக மாற்றத் தேவையில்லை. கெட்ட அடிப்பாகத்தை வைரம் தட்டுப்படும்வரை வெட்டி, புது ஓக் துண்டைச் சாய்வான இணைப்பால் கோர்த்து மர ஆணி அடிக்கலாம். தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியைச் சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். 200 வருடம் சாய்ந்து பழகிய சட்டகத்தை ஒரு மதியத்தில் நிமிர்த்தினால் கழுந்துகள் ஒடியும். சில சாய்வுகளை அப்படியே விட்டுவிடுவதே புத்தி.

மரத்தில் டிக் டிக் என்று சத்தம் வந்தால்?

“சாவுக்காவல் வண்டு” என்று அங்கே சொல்லும் வண்டு. இணையைக் கூப்பிட மரத்தில் தலையை முட்டும் ஒலி அது. ஈரமும் பூஞ்சையும் பட்ட ஓக்கைத்தான் நாடும். காய்ந்த வைர மரத்தில் அதற்குப் பிழைப்பில்லை. எனவே மருந்தடிப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்த இடமும் கூரைப் பள்ளமும் முதலில் பார்க்க வேண்டியவை. பழைய துளைகள் மட்டும் இருந்து, கீழே புதுத்தூள் விழாவிட்டால் வண்டு போய் நெடுநாள் ஆகியிருக்கலாம்.

வெறும் 10 பவுண்டுக்கா நேஷனல் டிரஸ்ட்டுக்கு விற்றார்கள்?

ஆம், 1896இல். இடிந்து கிடந்த வீட்டைக் காப்பாற்ற அந்த ஊர்ப் பங்குக் குருவானவரே முயன்றார். வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்திடம் போனார். விஷயம் 1895இல்தான் பிறந்திருந்த நேஷனல் டிரஸ்ட்டின் கைக்கு வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் பழுதுக்கான பணம் திரட்ட முன்னின்றார். விலை பெயருக்குத்தான். செலவெல்லாம் பழுதுபார்ப்பில்.

பழுதை எந்த முறையில் பார்த்தார்கள்?

அன்று இங்கிலாந்தில் பலர் பழைய கட்டடத்தைச் “சீரமைப்பது” என்றால், தங்களுக்குப் பிடித்த நூற்றாண்டுக்குத் திருப்புவதற்காகப் பிற்காலத்துச் சேர்க்கையெல்லாம் உரித்தெறிவது. மாரிஸின் சங்கம் அதை எதிர்த்தது: கெட்டதை மட்டும் சரிசெய், புதியது புதியதாகத் தெரியட்டும், ஊகித்து எதையும் கட்டாதே. ஆல்ஃபிரிஸ்டனில் வேலையை மேற்பார்த்த கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பவல் அந்தச் சங்கத்தின் வழியில் வந்தவர். அதனால் வீட்டின் இரு முனையும் ஒன்றுபோல் இல்லை. பிற்காலத்து மாற்றங்கள் மாற்றங்களாகவே நிற்கின்றன. “அழகாக ஒரே மாதிரி செய்திருக்கலாமே” என்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, அப்படிச் செய்திருந்தால் நாம் பார்ப்பது 1890களில் கட்டிய ஒரு நாடக மேடையாக இருந்திருக்கும்.

டிரஸ்ட்டின் ஓக் இலைச் சின்னம் இங்கிருந்து எடுத்ததா?

கூடத்தின் மரவேலையில் ஓர் ஓக் இலைச் செதுக்கல் இருக்கிறது. சின்னத்துக்கு அது தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று சொல்வார்கள். சின்னம் வந்தது 1930களில், வீடு வாங்கி நெடுங்காலம் கழித்து. உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

போனால் எதை விடாமல் பார்க்க வேண்டும்?

முதலில் உள்ளே நுழையாதீர்கள். புல்வெளியில் நின்று இறவாணத்தின் நேர்கோட்டையும் அதன்கீழ் வளைமுட்டுகளையும் பாருங்கள். பிறகு கூடத்தின் நடுவில் நின்று தலையை நிமிர்த்தி, நடுச்சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சிறு டார்ச் இருந்தால் சட்டத்தின்மேல் பக்கவாட்டில் ஒளியை ஓடவிடுங்கள், உளித்தடமும் தச்சர் குறியும் அப்போதுதான் எழுந்து தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. உயரமானவர்கள் கதவு நிலையில் தலையைப் பார்த்துக்கொள்ளவும். வீடு சிறியது, திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெருமழைக்குப் பிறகு கக்மியர் கரையோரம் சேறாக இருக்கும், அந்தச் செருப்போடு சுண்ணப்பாறைத் தரையில் ஏற வேண்டாம்.